எட்டாவது இடம்

2009க்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் கொண்டாடவில்லை. அந்த ஆண்டு மே மாதம், போரின் கடைசி நாட்களில், வன்னியில் தம்பி காணாமல் போனான். இறந்துவிட்டான் என்று சொல்ல ஒருவரும் இல்லை. உயிரோடு கண்டதாகச் சொல்லவும் ஒருவரும் இல்லை. இங்கே பிரான்சில், பியர்ஃபித் என்ற புறநகரில் அக்காவோடு இருந்த அம்மா, அவன் படத்துக்கு மாலை போட எவரையும் விடவில்லை. கலியாண வீடுகளுக்குப் போவதையும் நாங்கள் நிறுத்திவிட்டோம்.

நாலைந்து ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அலுவலகத்தில் என் எதிர்மேசையில் இருந்த பிரெஞ்சுப் பெண், ஒருநாள் தன்னோடு நடனத்துக்கு வரும்படி கேட்டாள். லா சப்பலில், என் வீட்டுக்குக் கிட்டவே ஒரு கூடம். வியாழக்கிழமை மாலைகளில் நாலு சோடிகள் சதுரமாக நிற்பார்கள். ஒருவர் ஒலிவாங்கியில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் ஆடவேண்டும். ஒரு பெண் வருவதை நிறுத்திவிட்டதால் ஆள் குறைகிறதாம்.

"எனக்கு ஆடத் தெரியாது."

"நடக்கத் தெரியும்தானே? அது போதும்."

நடக்கவும் தெரியாது என்பது முதல் நாளே விளங்கியது. வலக்கை என்றால் இடக்கையை நீட்டினேன். எல்லோரும் நடுவுக்குப் போக, நான் பின்னால் போய்க் கதிரையில் இடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. யாராவது தோளைத் தொட்டுச் சரியான பக்கம் திருப்பிவிட்டார்கள். முன்பின் தெரியாத ஆண்களின் கையைப் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. என் சோடியாக நின்றவர் ஓய்வுபெற்ற தபால்காரர். "சுழலும்போது என் கண்ணைப் பாருங்கள், தலை சுற்றாது" என்றார். நான் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். தலை சுற்றியது. சில கிழமைகளில் கண்ணைப் பார்க்கப் பழகினேன். வீட்டில் நாங்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கன காலமாகியிருந்தது.

குளிர்காலத்தில் ஒரு மாலை தபால்காரர் வரவில்லை. ஏழு பேர்தான் நின்றோம்.

"அந்த இடத்தை வெறுமையாகவே விடுங்கள். ஆள் நிற்பதாக நினைத்து ஆடுங்கள்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்கள்.

மற்றவர்களுக்கு அது பழக்கம். காற்றுக்குக் கை கொடுத்து, காற்றைச் சுற்றி வந்து சிரித்தார்கள். என் முறை வந்தபோது நானும் கையை நீட்டினேன். எதிரே ஒருவரும் இல்லை. நீட்டிய கையை மடக்கவும் முடியவில்லை. பாட்டு முடியுமுன்பே மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அலுவலகத் தோழி பின்னால் ஓடி வந்து என்னவென்று கேட்டாள். "எனக்கொரு தம்பி..." என்று தொடங்கினேன். இருக்கிறான் என்பதா, இருந்தான் என்பதா? பிரெஞ்சிலும் இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் இல்லை. வசனத்தை முடிக்காமலே நின்றேன். முடிக்கும்படி அவள் கேட்கவில்லை. குளிரில் என்னோடு நின்றாள்.

அடுத்த கிழமை நான் போகவில்லை. அதற்குள் நான் ஆடப் போவதை யாரோ அக்காவிடம் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பியர்ஃபித்துக்குப் போனேன். குசினிக்குள் கறியைக் கிளறியபடியே அக்கா கேட்டார்.

"தம்பி எங்கையெண்டு தெரியாது. நீ கண்டவையின்ரை கையைப் பிடிச்சு ஆடித் திரியிறாய், என்ன?"

"ஓம், ஆடினனான். இப்ப போறேல்லை."

அடுத்த அறையில் இருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

"எத்தினை பேர் சேர்ந்து ஆடுறது?"

"எட்டுப் பேர், அம்மா."

"நீ போகாட்டி?"

"ஒரு இடம் வெறுமையாய்க் கிடக்கும்."

அம்மா கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"அப்ப போ, பிள்ளை. வாறன் எண்டு சொன்ன இடத்திலை ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது."

அறை வாசலில் வந்து நின்ற அக்கா திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அந்த வியாழக்கிழமை நான் போனேன். காய்ச்சல் மாறித் தபால்காரரும் வந்திருந்தார். தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. நான் ஆடுவதைப் பற்றி அக்கா இப்போதும் எதுவும் கேட்பதில்லை. நாள்தோறும் தொலைபேசியில் அழைப்பவர், வியாழக்கிழமை மாலைகளில் மட்டும் அழைப்பதில்லை.