பூச்சிக்கு வந்த அம்மை

இன்று காலை மாடித் தொட்டியில் நிற்கும் கொய்யாவின் இலையைத் திருப்பினேன். அடியில் அப்பியிருந்த பச்சைப் பூச்சிகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது. மழை நாள் வேறு. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். இலைக்குப் பயப்படும் கிழவி என்று சிரிப்பீர்கள்; சிரியுங்கள். பெரும்பாறை மலையில் எங்கள் காப்பித் தோட்டம் போனது இந்த வெள்ளையால்தான். அதாவது, இது இல்லாமல் போனதால்.

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி அங்கே போனேன். திண்டுக்கல்காரிக்கு மலை என்றால் குளிர், அட்டை, ஓயாத தூறல். முதல் மழையிலேயே காப்பி இலைகளின் அடியில் இந்த வெள்ளை வந்தது. யாரோ சுண்ணாம்பைத் தெளித்துவிட்டார்கள் என்று நினைத்தேன், என் அறிவு அவ்வளவுதான். மாமியார் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செடிக்கு ஆத்தா வந்திருக்கா. ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டால் என்னவெல்லாம் உண்டோ அத்தனையும் நடந்தது. தோட்டத்து வாசலில் கீழேயிருந்து வரவழைத்த வேப்பிலை. அடுப்படியில் தாளிப்பு கிடையாது. என் கணவர் வெறும் ரசத்தைப் பிசைந்துகொண்டே முணுமுணுப்பார்: "செடிக்கு அம்மை வந்தா எனக்கு எதுக்கும்மா பத்தியம்?" மழை ஓய்ந்தபோது இலையடியில் அப்பியிருந்த பச்சைப் பூச்சிகள் காய்ந்து தவிடாக உதிர்ந்தன.

சில வருடம் கழித்து ஒரு மழைக்காலம். மாமியார் மகளின் பிரசவத்துக்காக வடகவுஞ்சிக்குப் போயிருந்தார். வெள்ளை எப்போதையும்விட அதிகம்.

"இது பூசணம். விட்டா தோட்டத்தையே தின்னுரும்" என்று இவர் வெள்ளனே எழுந்து மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடித்துவிட்டார். துத்த வாடை வீடு வரைக்கும் வந்தது. கொஞ்ச நாளில் வெள்ளை மருந்துக்கும் இல்லை. "பாத்தியா?" என்று என்னிடம் பெருமை வேறு.

மாமியார் திரும்பி வந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். "ஆத்தாள வெரட்டிட்டியேடா" என்றார்.

அதன்பிறகு அந்தத் தோட்டத்தில் தனியாக நடக்கவே பயந்தேன். மூடுபனி விலகாத காலைகளில் செடிக்குச் செடி எறும்புகள் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தன, பெருகிப்போன பூச்சி கசியும் இனிப்புக்காக. இலையெல்லாம் பிசுபிசுத்தது. அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரி படர்ந்தது. அடுத்த வருடம் தோட்டமே அடுப்புக்கரி பூசியதுபோல் கறுத்து நின்றது. பறிக்கக் காயில்லை.

பூசணம் என்று இவர் சொன்னது சரிதான். ஆனால் அது தின்றது பூச்சியை. அம்மை என்று மாமியார் சொன்னதும் சரிதான்; வந்தது பூச்சிக்கு. விவசாய அதிகாரி ஒருவர் இதை எங்களுக்கு விளக்கியபோது தோட்டம் கைமாறியிருந்தது.

அங்கே இப்போது தங்கும் விடுதி. மாமியாரும் இல்லை. காலையில் கொய்யாவைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனவள், கையில் எடுத்த கடுகைத் திரும்ப டப்பாவிலேயே போட்டுவிட்டேன்.

மத்தியானம் இவர் ரசத்தைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முணுமுணுக்கவில்லை.