உருமாற்றியைக் கையளித்த கதை

கோபிசன் ஷ்லீரனில் இருக்கிறான். சூரிச்சைச் சுற்றியுள்ள கட்டடங்களில் லிஃப்ட் நின்றுபோனால் திருத்தப் போகிறவன். பதினெட்டு வருடமாக அதே கம்பெனி. அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை வீட்டில் ஒருவரும் வேலை என்று சொன்னதில்லை. பழைய எழுத்துருக்களில் அடித்த தமிழை இன்றைய யூனிகோடுக்கு மாற்றித் தரும் 'உருமாற்றி' என்ற நிரலை அவனும், சூக் நகரில் உணவகச் சமையலறையில் வேலை செய்த சுஜிதனும் சேர்ந்து எழுதினார்கள். யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று திறந்தே விட்டிருந்தார்கள்.

மாசியில் சுஜிதன் நெஞ்சுவலியில் செத்துப்போனான். முப்பத்தொன்பது வயது. கோபிசன் செத்தவீட்டுக்குப் போனான், பெட்டிக்குத் தோள் கொடுத்தான், மறுநாள் ஊர்டோர்ஃபில் ஒரு லிஃப்டுக்குக் கம்பிவடம் மாற்றினான். அழுகை வரவில்லை. சில நாள் எதிர்பார்த்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

சித்திரையில் உருமாற்றியின் இணையத்தளம் நின்றது. தள முகவரி சுஜிதனின் பெயரில் பதிந்திருந்தது, புதுப்பிக்க ஆளில்லை. நிரலில் கைகொடுத்துவந்த மெல்பேர்ண் அபிஷனும் டொரொன்டோ கஜலக்சுமியும் அமெரிக்காவில் ஓர் இலாபநோக்கற்ற அமைப்புடன் பேசினார்கள். இப்படியான நிரல்களைத் தன் சட்டப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் அமைப்பு அது.

ஒப்பந்தம் பதினொரு பக்கம். கோபிசன் மதிய இடைவேளையில் கம்பெனி வான் வண்டிக்குள் இருந்து வாசித்தான். பெயரும் முகவரியும் அமைப்புக்குச் சொந்தமாகும். அவனும் அபிஷனும் கஜலக்சுமியும் சேர்ந்த மூன்று பேர் குழு வாக்கெடுத்து முடிவு செய்யும். அறுபது நாள் முன்னறிவித்து விலகலாம். ஆனால் விலகினாலும் எல்லாம் இன்னோர் இலாபநோக்கற்ற அமைப்புக்கே போகும். எந்தத் தனியாளிடமும் திரும்பி வராது. கடைசி வரியை இரண்டாம் தரமும் வாசித்தான். உருமாற்றிக்குப் பதினாலு வருடம் உழைத்திருக்கிறான். எங்கேயாவது உறுத்தும் என்று காத்திருந்தான். ஒன்றும் இல்லை. மிச்சப் பாண் துண்டைச் சாப்பிட்டான்.

தள முகவரியை அமைப்பின் பெயருக்கு மாற்ற வாரிசின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை சூக்குக்கு ரயில் ஏறினான்.

சுஜிதனின் மனைவி நிலோஜினி தேத்தண்ணி வைத்துவிட்டுப் பேனையை எடுத்தாள்.

"எங்க வைக்கோணும் எண்டு காட்டுங்கோ, கோபி அண்ணை."

"வாசிக்காமல் வைக்கக்கூடாது. நான் சொல்லுறன்."

வரிவரியாகச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப இனி அது உங்களுக்கும் இல்லையோ?"

"எனக்கும் இல்லை. உங்களுக்கும் இல்லை."

"அவற்ற பேர்?"

"அது போகாது. ஒவ்வொரு கோப்பின்ர தலைப்பிலயும் இருக்கு. ஆர் எடுத்தாலும் அதை அழிக்கேலாது எண்டு உரிமத்தில கிடக்கு."

"காட்டுங்கோ."

போனில் திறந்து கொடுத்தான். பெயருக்குக் கீழே சுஜிதன் எழுதியிருந்த குறிப்பை அவள் சத்தமாக வாசித்தாள்: "இந்த வரியைத் தொடாதேங்கோ. ஏன் வேலை செய்யுதெண்டு எனக்கும் தெரியாது."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அழத் தொடங்கினாள். கோபிசன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பக்கத்தைத் திருப்பி, கையெழுத்து இடத்தில் விரலை வைத்தான். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, அவன் விரல் வைத்த இடங்களில் கையெழுத்து வைத்தாள்.

ஆனியில் இணையத்தளம் திரும்ப வந்தது. முதல் குழுக் கூட்டம் ஒரு சனி மதியம், வீடியோவில். உருமாற்றி என்ற பெயரை ஒரு கம்பெனி ஏற்கெனவே பதிந்துவைத்திருக்கிறதாம். பெயரை மாற்றச் சொல்லி அமைப்பின் சட்டத்தரணி எழுதியிருந்தார். அபிஷனும் கஜலக்சுமியும் சம்மதித்தார்கள்.

"உங்களுக்கு ஓகேயோ அண்ணை? நீங்களும் சுஜி அண்ணையும் வைச்ச பேரெல்லோ," என்று அபிஷன் கேட்டான்.

"ஓம். மாத்துங்கோ."

கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று பதிந்தார்கள்.

கோபிசன் கணினியை மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அவன் பாதிச் சோற்றை முடித்தபிறகுதான் மனைவி பிரபாலினி தன் சோற்றில் முதல் வாய் எடுத்து வைத்து, அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"கறிக்கு உப்பே போடேல்லையப்பா. தெரியேல்லையோ?"

"தெரியேல்ல," என்றான்.

அவள் எழுந்து உப்புப் போத்தலை எடுத்துவந்து, அவனுடைய சோற்றில் தானே தூவிப் பிசைந்துவிட்டாள்.