நின்றது எந்த எஞ்சின்

மரக்காணம் உப்பளத்தில் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைக்கிற டீசல் எஞ்சின்கள் நாலு. நாலையும் பார்த்துக்கொள்கிறவர் சகாதேவன். வயது நாற்பத்தேழு. விடியும்போது கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிவிட்டால், வெயில் ஏறி உச்சிக்கு வருகிறவரை ஒரு எஞ்சின் கொட்டாயிலிருந்து இன்னொரு கொட்டாய்க்கு வரப்பின் மேலேயே சைக்கிளில் போய்வந்துகொண்டிருப்பார். அரை மைல் தள்ளி ஓடுகிற எஞ்சின் டீசல் இல்லாமல் திணறுகிறதா, பெல்ட் வழுக்குகிறதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அதைப் பெருமையாக அவர் நினைத்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அதே சத்தம்.

2005 ஏப்ரலில் ஒரு சின்ன விமானம் கடலோரமாக மேலும் கீழும் பறக்க ஆரம்பித்தது. சுனாமி வந்து நாலு மாசம் ஆகியிருந்தது. கரை எவ்வளவு அரித்திருக்கிறதென்று படம் பிடிக்கிறார்கள் என்று தலையாரி சொன்னார். வெள்ளை நிறம். ரெண்டு றெக்கையிலும் ஒவ்வொரு காத்தாடி. பாத்தித் தண்ணீரில் அதன் நிழல் ஓடுவது தெரிகிற அளவுக்குத் தாழ்வாகப் போகும். முதல் நாள் உப்பு வாருகிற பெண்கள் எல்லாரும் பலகையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தரும் நிமிரவில்லை. சகாதேவன் மட்டும் காது கொடுத்துக்கொண்டிருந்தார். ரெண்டு எஞ்சினும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் ஓடுவதால் அந்தச் சத்தத்தில் ஒரு ஏற்ற இறக்கம் இருந்தது. ஊம் ஊம் என்று அலை மாதிரி வந்து போகும். அது அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த மூன்றாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். பெல்ட் மாற்றுவதற்காக மூன்றாவது கொட்டாயின் எஞ்சினை நிறுத்திவைத்திருந்தார். தெற்கேயிருந்து விமானம் வருவது கேட்டது. வந்துகொண்டிருக்கும்போதே அந்த அலை கெட்டது. ஒரு எஞ்சின் சத்தம் தொய்ந்தது. எழுந்தது. மறுபடி தொய்ந்தது. எண்ணெயில் காத்து புகுந்துகிச்சு போல என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். மற்றது கல்லு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எட்டு, பத்து மூச்சு விடுகிற நேரம். பிறகு நின்றது அந்த நல்ல எஞ்சின்.

அவர் கையில் பெல்ட்டோடு வெளியே ஓடிவந்தார். விமானம் உப்பளத்தைப் பார்த்துத் திரும்பியது. தொய்ந்துகொண்டிருந்ததும் அடங்கிப்போய், இப்போது காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. சாய்ந்த பக்கத்து றெக்கை வரப்பில் பட்டது. அதன்பின் அது விமானமாக இல்லை. மூன்று பாத்தி தூரத்துக்குச் சேற்றையும் உப்பையும் வாரியடித்துக்கொண்டு உருண்டு, ரெண்டாக உடைந்து கிடந்தது.

முதலில் போய்ச் சேர்ந்தவர் சகாதேவன். முழங்கால் அளவுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை. படம் பிடிக்க வந்த ரெண்டு பேரும் பின்பக்கம் இருந்தார்கள். அவர்களிடம் உயிர் இல்லை. முன்னால் இருந்த இளம் பைலட்டுக்கும் இல்லை. பெரிய பைலட்டுக்கு மட்டும் மூச்சு இருந்தது. இருக்கை பெல்ட்டை அறுத்து, அவர் தலை தண்ணீரில் முங்காமல் சகாதேவன் தன் தொடைமேல் தாங்கிக்கொண்டார். அந்த மனுஷன் தண்ணீர் கேட்டார். ரெண்டு தரம் கேட்டார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர்தான். ஒரு வாய் குடிக்க முடியாத தண்ணீர். "எடுத்தாரச் சொல்லியிருக்குது சார், இதோ வந்துடும்" என்று சகாதேவன் சொன்னார். ஒருத்தி குடத்தோடு வரப்பில் ஓடிவருவது தெரிந்தது. அவள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

ரெண்டு நாள் கழித்துச் சென்னையிலிருந்து விசாரணைக்காரர்கள் வந்தார்கள். அதற்குள் பத்திரிகையில் கழுவெளி ஏரிப் பறவைக் கூட்டம் மோதியதாக வந்துவிட்டது. நடுவானத்தில் தீப்பிடித்ததைப் பார்த்தேன் என்றார்கள் சிலர். குண்டு வெடித்தது என்றார் ஒருத்தர். திருமுருகன் என்ற அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாக எழுதிக்கொண்டார். சகாதேவன் முறை வந்தது.

"ஒரு எஞ்சின் செத்துச்சு சார். இன்னொண்ண நிறுத்துனாங்க."

திருமுருகன் நிமிர்ந்தார். "நிறுத்துனாங்கன்னு எப்படிச் சொல்றீங்க? அதுவும் தானா நின்னிருக்கலாமே?"

"தானா நிக்கிறது ரெண்டு மூணு தரம் எழுந்திரிக்கப் பார்க்கும் சார். இது லைட்ட அணைச்ச மாதிரி நின்னுச்சு."

அதிகாரி பேனாவை மூடிவிட்டு, அவரை உடைசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வலது பக்கக் காத்தாடியின் தகடுகள் காற்றை வெட்டுகிற மாதிரி, கத்தி முனை முன்னால் பார்க்கத் திரும்பியிருந்தன. இடது பக்கம் அப்படி இல்லை. "எஞ்சின் கெட்டுப்போனா, அந்தக் காத்தாடி காத்த எதிர்த்து நின்னு விமானத்தப் பின்னால இழுக்கும். அதனால பைலட் அந்த எஞ்சின நிறுத்தி, தகட்ட இப்படித் திருப்பிடுவாரு" என்று திருமுருகன் விளக்கினார். "கெட்டது இடது. திருப்பியிருக்கிறது வலது. உள்ளே பேசினதப் பதிவு பண்ற கருவி இந்த விமானத்துல இல்ல. அதனால நீங்க சொல்றது முக்கியம். கையெழுத்துப் போடுவீங்களா?"

சகாதேவன் போட்டார். வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை. மனைவி வைஜெயந்தி, பிணத்தைத் தொட்டவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். வைஜெயந்திக்கு வலது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. ஒன்பது வருஷமாக இடது கையாலேயே சமைத்து, துவைத்து, உப்பளத்தில் கூடை தூக்கக்கூடப் பழகியிருந்தாள்.

ஆகஸ்ட்டில் ஒரு பகல் வேளையில் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. தன் பெயர் ஜான்சி என்றும், இறந்துபோன கேப்டன் அந்தோணிசாமியின் மனைவி என்றும் சொன்னாள். சகாதேவன் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

"கடைசியா அவர் பக்கத்துல இருந்தது நீங்கதான்னு சொன்னாங்க. ஏதாவது சொன்னாரா?"

"தண்ணி கேட்டாரும்மா. குடுக்க முடியல."

அவள் கைப்பையைத் திறந்து மூடினாள்.

"விமானக் கம்பெனியில எல்லாப் பழியையும் அவர் தலையில போடுறாங்க. நல்ல எஞ்சின நிறுத்திட்டாருன்னு. உங்க வாக்குமூலத்தத்தான் காட்டுறாங்க. அடுத்த மாசம் விசாரணையில உங்கள மறுபடி கூப்பிடுவாங்க. நீங்க அவ்வளவு தூரத்துல இருந்தீங்க. தப்பாக் கேட்டிருக்கலாம் இல்லையா? சரியாத் தெரியலன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

"நான் கேட்டதத்தாம்மா சொன்னேன்."

"இருபத்தாறு வருஷம் பறந்தவரு!" அவள் குரல் உடைந்தது. "அவருக்கு இடது எது, வலது எதுன்னு தெரியாதா?"

"தெரியும்மா. நல்லாத் தெரியும். தெரிஞ்சாலும் கை தப்பாப் போயிடும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க விமானம் ஓட்டியிருக்கீங்களா?"

வைஜெயந்தி அப்போதுதான் ரெண்டு டம்ளர் டீயை ஒரு தட்டில் வைத்து, இடது கையால் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். சகாதேவன் அவளைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருந்தவள் முகத்தைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை.

"தொண்ணூத்தாறுல இவ எனக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டு எஞ்சின் கொட்டாய்க்கு வந்தா. காத்து. முந்தானை பறந்து பெல்ட்டுல சிக்கிக்கிச்சு. கைய இழுக்குது. நான் ரெண்டு எட்டு தூரத்துல நிக்கிறேன். எஞ்சின்ல ஒரு லீவர் இருக்கும்மா. மேல தூக்குனா நிக்கும். கீழ அமுக்குனா வேகம் கூடும். அதுக்கு முன்னாடி பதிமூணு வருஷம், தினமும் அதத் தூக்கித்தான் நிறுத்தியிருக்கேன். அன்னிக்கு…" அவர் வலது கையைக் காற்றில் நீட்டினார். "அமுக்கிட்டேன்."

வைஜெயந்தி தட்டைப் பிடித்தபடி நின்றாள்.

"எஞ்சின் உறுமிச்சு. தப்புன்னு தெரிஞ்சு கை மேல போறதுக்கு ஒரு மூச்சு ஆச்சு. அதுக்குள்ள இவ கை போயிடுச்சு. லீவர் சிக்கிக்கிச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்." கொஞ்சம் நிறுத்தி, "உங்க வீட்டுக்காரரு கெட்ட பைலட்டுன்னு நான் சொல்லலம்மா. அத விசாரணையிலயும் சொல்றேன். ஆனா அந்த எஞ்சின் தானா நின்னுச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

ஜான்சி வைஜெயந்தியின் கையைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். "தப்பான எஞ்சின்னு அவருக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"தெரியலம்மா. தெரிஞ்சிருந்தாலும் திருப்பிக் கிளப்புற உயரம் இல்ல."

ஜான்சி தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து டீயைக் குடித்தாள். முழுவதையும் குடித்தாள். வாக்குமூலத்தைப் பற்றி அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. போகும்போது வைஜெயந்தியிடம் எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் காரில் ஏறிக்கொண்டாள்.

கார் மெயின் ரோட்டுக்குத் திரும்புகிறவரை வைஜெயந்தி அங்கேயே நின்றாள்.

"லீவர் சிக்கலையா?"

"இல்ல."

"முந்தானைய இழுத்துச் சொருகாம போனவள்னு ஊரே என்னச் சொல்லிச்சு. எங்க அம்மா சாவுற வரைக்கும் அதச் சொல்லித்தான் அழுதுச்சு. நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானயா இருந்தே?"

அவள் உள்ளே போய் ரெண்டு புடவையை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பெருமுக்கலில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

செப்டம்பரில் சகாதேவன் சென்னைக்குப் போய்ச் சாட்சி சொன்னார். பெரிய அறை, நீள மேசை. கம்பெனி வக்கீல், "அப்படியானால் பைலட்டின் கவனக்குறைவுதானே?" என்று கேட்டார். "கவனம் குறைஞ்சு இல்ல சார். கவனம் ரொம்ப ஜாஸ்தியாகிக் கை முந்திக்கிச்சு" என்றார் இவர். அதை எழுதிக்கொண்டார்களோ இல்லையோ. ஜான்சி கடைசி வரிசையில் இருந்தாள். வெளியே வந்தபோது ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

திரும்பி வந்து, உப்பளத்தில் கூலி கொடுக்கிற நாளில் எல்லாரும் கூடியிருந்தபோது, தொண்ணூத்தாறில் நடந்ததை அவரே வாய்விட்டுச் சொன்னார். அவள் முந்தானையில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என் கையில் என்றார். சிலர் அனுதாபப்பட்டார்கள். ஆண்டாள் என்கிற உப்பு வாருகிறவள் மட்டும், "இத்தினி நாளு கழிச்சு எங்ககிட்ட எதுக்குச் சொல்றே? அவ இங்க இல்லியே" என்று கேட்டாள்.

ஐப்பசி மழையில் பாத்தியெல்லாம் மூழ்கி வேலை நின்ற பிறகு வைஜெயந்தி திரும்பி வந்தாள். சமைத்தாள். சாப்பாடு போட்டாள். பேச்சு, வேண்டியதற்கு மட்டும்தான். பொங்கல் போனது. மறுபடி உப்புக் காலம் தொடங்கியது. ரெண்டு பேரும் ஒரே உப்பளத்துக்குத் தனித்தனியாகப் போய்வந்தார்கள்.

2006 ஜூலையில் திருமுருகனே ஒருநாள் வந்தார். அறிக்கை வெளியாகிவிட்டது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல ரெண்டு பேரும் கேட்டார்கள். இடது எஞ்சினுக்கு எண்ணெய் அளந்துவிடுகிற பாகம் தேய்ந்துபோயிருந்தது. மாற்ற வேண்டிய தேதி தாண்டியும் மாற்றவில்லை. ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வதென்ற பயிற்சியை அந்த ரெண்டு பைலட்டுக்கும் ரெண்டு வருஷமாகக் கொடுக்கவில்லை. பறந்த உயரமோ ரொம்பக் குறைவு. அந்த அவசரத்தில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். விபத்துக்கு இவை எல்லாம் சேர்ந்தே காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"அந்தம்மாவுக்குத் தெரியுமா சார்?" என்று வைஜெயந்தி கேட்டாள்.

"அவங்களுக்குத்தான் முதல்ல அனுப்பினோம்."

அவர் போன பிறகு அவள் முற்றத்தில் இறங்கினாள். "வா. கொட்டாய்க்குப் போவலாம்."

பத்து வருஷமாக அவள் எந்த எஞ்சின் கொட்டாய்க்குள்ளும் கால் வைத்ததில்லை. பழைய எஞ்சினை முதலாளி அப்போதே இரும்புக்குப் போட்டுவிட்டார். இப்போது இருப்பது அதே மாதிரி வேறொன்று. ஓடாமல் நின்றது. "நான் எங்க நின்னேன், நீ எங்க நின்ன, காட்டு" என்றாள். அவர் காட்டினார். லீவரைக் காட்டினார். தூக்கினார், அமுக்கினார். அவள் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே ரெண்டு எட்டு பின்னால் போய், வேகமாக வந்து இடது கையால் லீவரைப் பிடித்தாள். மறுபடி போய், மறுபடி வந்தாள். நாலைந்து தரம் செய்தாள். ஒருதரம் அவள் கையும் கீழேதான் போனது. கையை எடுக்காமல் அதையே பார்த்தாள்.

"சரிதான். பயத்துல போயிருக்குது" என்றாள். சகாதேவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்: "அந்த ஒரு மூச்சு பயம். சரி. அப்புறம் ஒம்போது வருஷம் எதுக்குயா சொல்லல?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. நாலாவது பாத்தியில் வாரிவைத்த உப்பு அப்படியே கிடந்தது. கூடையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வரப்பில் இறங்கி நடந்துவிட்டாள்.