இடம் மாறிய இரண்டு நம்பர்

பெரியவளுக்குத் தன் கொழுந்தன் மனைவியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஒரே வீடு, ஒரே மாமியார். அது போதாதென்று ஒரே கம்பெனி வேறு. கட்டடங்களுக்கு அலாரம் வைத்துத் தரும் அந்தக் கம்பெனியில் சின்னவளைச் சேர்த்துவிட்டதே பெரியவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

பெரியவள் ஏணியில் ஏறிக் கூரையில் புகை டிடெக்டர் மாட்டுவாள். சின்னவள் கீழே ஏசி அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து அலாரம் பேனலுக்குப் பாடம் சொல்வாள்: இந்த நம்பர் டிடெக்டர் கத்தினால் இன்ன அறை என்று காட்டு, அந்தக் கதவின் பூட்டை விடு, அங்குள்ள கேமராவைத் திரைக்குக் கொண்டு வா. கழுத்து வலி பெரியவளுக்கு, பாராட்டு சின்னவளுக்கு.

"சின்னவ நாள் பூரா மூளையைக் கசக்கிட்டு வர்றா. அந்த நல்ல தலகாணிய அவளுக்குக் குடு" என்பாள் மாமியார்.

"எனக்குத்தான் மூளையே இல்லையே அத்தை. கசங்க என்ன இருக்கு?"

புது ஆபீஸ் கட்டடம் ஒன்றில் வேலை முடியும் நேரம். அது பரிசோதனையில் தேறிவிட்டால் இருவரில் ஒருத்தியை சைட் பொறுப்பாளராகப் போடப் போவதாக முதலாளி சொல்லியிருந்தார். சின்னவளுக்குக் கீழே கைகட்டி நிற்பதை நினைத்தாலே பெரியவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள்தான் அவளுக்கு உறைத்தது. டிடெக்டர் அடியில் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருகி நம்பர் வைக்க வேண்டும். மூன்றாம் மாடியில் சாப்பாட்டு அறைக்கும் மீட்டிங் ரூமுக்கும் நம்பரை மாற்றி வைத்திருந்தாள். சின்னவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம். சின்னவள் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்டினாள். கீழே பேனலில் மஞ்சள் விளக்கு மினுங்கி அடங்கியது. பார்க்க ஆளில்லை.

மறுநாள் தீயணைப்பு அதிகாரி வந்தார். அவரும் முதலாளியும் சின்னவளும் பேனல் முன்னால் நின்றார்கள். பெரியவள் வாக்கி டாக்கியோடு சாப்பாட்டு அறைக்குள் போய்க் தானே பூட்டிக்கொள்ளும் கதவைச் சாத்திக்கொண்டு டிடெக்டரில் புகை ஸ்பிரே அடித்தாள். மணி அலறியது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் மீட்டிங் ரூம் கதவு டொக்கென்று பூட்டு விட்டுத் திறந்தது. இவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

"புகை எங்கம்மா அடிச்சீங்க?" வாக்கி டாக்கியில் அதிகாரி கேட்டார்.

"சாப்பாட்டு ரூம்ல சார்."

"இங்க மீட்டிங் ரூம்னு காட்டுது. நிஜத் தீயா இருந்தா உள்ளயே வெந்திருப்பீங்க."

வாக்கி டாக்கிப் பொத்தானை அவர் விடவில்லை போலிருக்கிறது. முதலாளி சின்னவளைப் பிடித்துக்கொண்டது அப்படியே கேட்டது. "என்னத்த ப்ரோக்ராம் பண்ணின நீ?"

"போன வாரம் நானே மேல போய் நம்பரைப் பார்த்துட்டுத்தான் சார் பேனல்ல மாத்தினேன்."

"மாத்தினியா? ஏன், முன்னாடி என்ன தப்பு இருந்துச்சு?"

"இப்பவே மறுபடி பார்க்கறேன் சார்" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. கழுதை, அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறாள். காட்டிக்கொடுக்காமல் பேனலில் அறைப் பெயர்களை மாற்றிச் சரிசெய்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அது தெரியாமல் இவள் திருத்தப் போய், சரியாக இருந்ததைக் கெடுத்திருக்கிறாள்.

இப்போது சும்மா இருந்தால் போதும், பொறுப்பு இவளுக்குத்தான். முதலாளியின் ஒவ்வொரு திட்டும் காதில் தேனாகப் பாய்ந்திருக்க வேண்டும். பாயவில்லை. 'அக்கா தப்பா வெச்சிருந்தாங்க' என்று சொல்லித் தொலைத்தால் என்ன அவளுக்கு? சொல்ல மாட்டாள். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஒன்றுமே நடக்காதது போல இருப்பாள். படிப்பு, அழகு, மாமியார் செல்லம் எல்லாம் பத்தாதென்று பெருந்தன்மையும் அவளுக்கேவா? பெரியவள் பொத்தானை அமுக்கினாள். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அமுக்கினாள்.

"சார், முதல்ல நம்பரைத் தப்பா வெச்சது நான். அவ பேனல்ல சரி பண்ணிட்டா. அது தெரியாம நேத்து நான் கழட்டி மாத்தி மாட்டிட்டேன்."

"ஒரே வீட்லதானே இருக்கீங்க?" என்றார் முதலாளி. "ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

"வீட்ல பேசறதெல்லாம் எங்க மாமியார்தான் சார்."

அதிகாரி இருமுவது போலச் சிரித்தார். சின்னவள் பேனலில் பெயர்களைத் திருப்பி மாற்றினாள். பெரியவள் மறுபடி புகை அடித்தாள். இந்தத் தடவை அவள் கதவு திறந்தது. கட்டடம் தேறியது. பொறுப்பாளர் வேலையை முதலாளி அங்கேயே சின்னவளுக்குக் கொடுத்தார்.

சின்னவள் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "ஏன்க்கா சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்."

"சமாளிச்சிருப்பன்னு தெரியும். அதான் சொன்னேன்."

சின்னவளுக்குப் புரியவில்லை.

"இங்க பாரு. இனிமே என் தப்பு கண்ணுல பட்டா என்கிட்ட சொல்லு. மூடி மறைச்சு எனக்கு நல்லது பண்ண நீ யாருடி?"

"சொன்னா திட்டுவீங்களேக்கா."

"திட்டாம? நல்லாத் திட்டுவேன். பொறுப்புக்கு வந்துட்டல்ல, வாங்கிக்க."