திண்டிவனத்திலிருந்து கிளப்பிய கன்டெய்னர்கள்

என் கணவர் தினமும் திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போய் வந்த காலம். மகள் எழுவதற்குள் கிளம்பிவிடுவார், அவள் தூங்கிய பிறகு வருவார். அவளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை ஆள். அன்று மட்டும் அவளை மாதா கோயில் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போவார். எனக்கு அதில் தீராத கோபம். ரயிலைத் திட்டி என்ன ஆகப்போகிறது, அவரைத்தான் திட்டுவேன்.

அலுவலகத்தின் பெரிய கம்ப்யூட்டருக்குள் சின்னச் சின்னத் தடுப்புகள் போட்டு, ஒவ்வொன்றையும் தனிக் கம்ப்யூட்டர் போல ஓடவிட்டு, புது சாஃப்ட்வேரைச் சோதிப்பது அவர் வேலை. அந்தத் தடுப்புக்குக் கன்டெய்னர் என்று பெயர். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை தட்டினால் ஒன்று கிளம்பும். வெறும் எழுத்துதானே, எங்கள் வீட்டு நெட்டே தாங்கும், வீட்டிலிருந்தே செய்யட்டுமா என்று மேலாளரிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஒரு நாள் அங்கேர்ந்து செஞ்சு காட்டுங்க. சரியா வந்தா வாரத்துல ரெண்டு நாள் வீட்லயே இருங்க" என்றார் மேலாளர்.

அந்த ஞாயிறு மல்லாட்டை உரித்தபடியே எனக்குப் பாடம் நடந்தது. "எவ்ளோ மெமரி, எந்த நெட்வொர்க்குன்னு எழுதி வெச்சிக்கினா அது ப்ரொஃபைல். நாம ஒண்ணும் சொல்லலன்னா டீஃபால்ட் ப்ரொஃபைல் தானா வந்துடும். வேற ஒண்ணு பேரு சொன்னா அது வராது. நெட்வொர்க் டீஃபால்ட்லதான் இருக்குது, அதனால ரெண்டோட பேரையும் சேர்த்து சொல்லணும்."

நான் கடலையைத் தின்றுகொண்டே உம் கொட்டினேன்.

செய்து காட்டும் நாளில், சத்தம் வேண்டாமென்று மகளை விழுப்புரத்தில் என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டினார். கன்டெய்னர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின.

"கிளம்பிடுச்சு. ஆனா எதுலயும் நெட்வொர்க் இல்லையே? இதுக்குத்தான் நேர்ல வாங்கன்றது" என்றார் அலுவலகத் திரையில் பார்த்துக்கொண்டிருந்த மேலாளர்.

இவர் முகம் சுண்டிப்போய், ஒரு குற்றமும் செய்யாத எங்கள் வீட்டு மோடத்தைத் தட்டிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோதனைக்கென்று தான் எழுதிய ப்ரொஃபைலின் பெயரை மட்டும் கொடுத்திருந்தார் மனிதர். வாயைத் திறந்தால் போனில் கேட்குமே! மகளின் சிலேட்டில் 'டீஃபால்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். தலையில் அடித்துக்கொண்டு, கிளப்பியதையெல்லாம் அழித்துவிட்டு, இரண்டு பெயரையும் சேர்த்து மறுபடி தட்டினார்.

"இப்ப வருது. என்ன ஆச்சு?"

"டீஃபால்ட்டை வுட்டுட்டேன் சார். வீட்ல சொன்னாங்க."

மேலாளர் சிரித்துவிட்டார். "அப்போ புதனும் வியாழனும் அவங்க பக்கத்துலயே உக்காந்து வேலை பாருங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த புதன்கிழமை காலை மகள் கண்விழித்தாள். பக்கத்தில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுந்து ஓடி வந்து என் புடவையை இழுத்தாள்.

"அம்மா, ஜல்தி புது கவுன் போட்டு வுடு. பூசைக்கு லேட்டாவுது."