ஏசாமல் விட்ட பதினாறு வருடங்கள்

பாஸ்கு வாரம் முழுவதும் எனக்கு இரத்த அழுத்தம். காரணம் உப்பு அல்ல — பாவசங்கீர்த்தனம்!

வருடா வருடம் செய்வதுதான். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினொரு பேர். என் முறை வந்ததும் முழந்தாளிட்டேன். கோபம் ஆறு தரம், பொய் இரண்டு தரம், செபமாலை சொல்லாமல் தூங்கிப்போன நாட்கள் நான்கு... ஒழுங்காக எண்ணிச் சொன்னேன். ஊருக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் சுவாமியார் பொறுமையாகக் கேட்டார்.

“ஐயா, எண்ணாத பாவம் ஏதும் இருக்கோ?”

ஐம்பத்தெட்டு வருடங்களில் எந்தச் சுவாமியாரும் இப்படிக் கேட்டதில்லை. வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“ஒருத்தரோட பதினாறு வருஷமாய் மனம் விட்டுக் கதைக்கிறேல்லை, சுவாமி. ஆனால் அவரை எப்பவோ மன்னிச்சிட்டன்.”

“மன்னிச்சது அவருக்குத் தெரியுமோ?”

“அவர் செய்தது எனக்குத் தெரியுமெண்டே அவருக்குத் தெரியாது.”

சுவாமியார் சொன்னார்: “அவற்ற வீட்ட போய் ஒரு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு வாங்கோ. அதுக்குப் பிறகு பாவமன்னிப்புத் தாறன்.”

பத்து அருள்நிறை மந்திரம் என்று அபராதம் தந்திருந்தால் அங்கேயே எண்ணி முடித்திருப்பேன். தேத்தண்ணியா? பாவமன்னிப்பு இல்லையென்றால் உயிர்த்த ஞாயிறன்று நற்கருணை இல்லை. எல்லோரும் எழும்பிப் போக, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மட்டும் வாங்கில் குந்தியிருந்தால் ஊர் என்ன நினைக்கும்? சரி, ஊரை விடுங்கள். ஆண்டவர் என்ன நினைப்பார்?

அந்த ‘அவர்’ சவிரிமுத்து. அரிவரி வகுப்பிலிருந்து என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். பிறகு ஒரே பள்ளிக்கூடத்தில் நான் தலைமையாசிரியர், அவன் உதவி ஆசிரியர்.

ஒருநாள் கல்விக் கந்தோருக்கு என்மேல் மொட்டைப் பெட்டிசம் போனது. டைப் அடித்த கடதாசி. கையெழுத்து இல்லை. குற்றச்சாட்டுகள் ஐந்து. நான்கு சுத்தப் பொய். ஐந்தாவது உண்மை — கந்தோரில் கூட்டம் என்று சொல்லி, ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தை ஒரு மணித்தியாலம் முந்தி மூடிவிட்டு, யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டம் பார்க்கப் போனது. இந்த விஷயம் உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து வந்து, மைதானத்தில் என்னைவிடப் பலமாகக் கத்தியவனுக்கு!

விசாரணை நடந்தது. என்னை நெடுந்தீவுக்கு மாற்றினார்கள். மூன்று வருடம். இரண்டாம் வருடம் மார்கழியில் அம்மாவுக்கு வருத்தம் கடுமை என்று செய்தி வந்தபோது வாடைக்காற்று. நான்கு நாட்கள் வள்ளம் ஓடவில்லை. ஐந்தாம் நாள் ஊர் வந்து சேர்ந்தேன். அம்மாவை அடக்கம் செய்து இரண்டு நாட்களாகியிருந்தன. பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஒருவன், நான் நிற்க வேண்டிய இடத்தில் நின்றவன் — சவிரிமுத்து.

நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழியில் கண்டால் “சுகமோ?” என்பேன். “ஓம், சுகம்” என்பான். அவ்வளவுதான். இதைத்தான் மன்னிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் பெருமையாகவும்தான்...

அவன் வீட்டுப் படலைக்கு என் வீட்டிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடை. புதன்கிழமை போனேன், படலையில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன். வியாழனும் அப்படியே. பெரிய வெள்ளியன்று படலையைத் தாண்டித் தபாற்கந்தோர் வரை போய்விட்டேன் — அன்றைக்கு அது பூட்டு!

“இஞ்சாருங்கோ,” என்றாள் மனைவி திரேசம்மா. “படலையைத் தொட்டுப்போட்டு வாறதுக்குச் சுவாமி பாவமன்னிப்புத் தரமாட்டார்.”

சனிக்கிழமை காலை உள்ளே போனேன். சவிரிமுத்து விறாந்தையில் கதிரை போட்டு இருந்தான்.

“வந்திட்டியே? மூண்டு நாளாய் வந்து வந்து போறாய். எங்கட நாயே குரைக்கிறதை விட்டிட்டுது.”

அவன் மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். பதினேழு மிடறில் குடித்து முடித்தேன். அபராதம் சரி! எழும்பினேன்.

“இரடா,” என்றான். “அந்தப் பெட்டிசம்...”

“தெரியும்.”

“உனக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்.”

மறுபடியும் கதிரையில் இருந்துவிட்டேன். “எப்ப தொடக்கம்?”

“கொம்மாவின்ர கல்லறையடியில நீ என்னைப் பார்த்த நேரம் தொடக்கம். வந்து ஏசுவாய், அடிப்பாய் எண்டு காத்துக்கொண்டு இருந்தனான். நீ ‘சுகமோ’ எண்டு கேட்டுப்போட்டுப் போறாய்! ஒவ்வொரு தரமும் செருப்பால அடிச்ச மாதிரி இருக்கும், மச்சான்.”

“ஏன்ரா செய்தனீ?”

“ரெண்டு பேரும் ஒண்டாய்ப் படிச்சம், ஒண்டாய்ப் பாஸ் பண்ணினம். நீ பெரிய வாத்தியார். நான் லீவு கேட்டு உனக்கு முன்னால நிக்கவேணும். ஏலாமல் போச்சு, எழுதிப்போட்டன். அது கொம்மா வரைக்கும் போகுமெண்டு நான் நினைக்கேல்லையடா... என்னை மன்னி.”

நல்ல இடம். நல்ல வசனம். “மன்னிச்சிட்டன்” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு!

“நாலு பொய்யடா! நாலு! மட்ச் பார்க்க நீயும் வந்ததை ஏன் எழுதேல்லை? என்ர அம்மாவின்ர பெட்டியை எந்தத் தோளால தூக்கினனீ?”

கால் மணித்தியாலம் ஏசினேன். அவன் தலை நிமிரவில்லை. குசினியிலிருந்து மகள் ஓடிவந்தாள்.

“நீ உள்ளுக்குப் போ, பிள்ளை,” என்றான் சவிரிமுத்து. “மாமா இப்பதான் வந்திருக்கிறார்.”

அன்று பகல் முழுவதும் யோசித்தேன். பேதுரு மூன்று தரம் மறுதலித்தார். உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மீன் சுட்டுக் கொடுத்தார் — ஆனால் அதோடு விட்டாரா? தன்மேல் அன்பிருக்கிறதா என்று மூன்று தரம் கேட்டார். பேதுருவுக்கு மனம் நொந்தது. நோகட்டும் என்றுதான் கேட்டிருப்பார். “சுகமோ?” என்று கேட்டுவிட்டு அவர் போகவில்லை. நான் போனேன். அவன் செய்தது ஒரு நாள் வேலை. நான் செய்தது பதினாறு வருட வேலை அல்லவா?

பின்னேரம் சுவாமியாரிடம் அந்தக் கால் மணித்தியாலத்தையும் சேர்த்துச் சொன்னேன். பாவமன்னிப்புக் கிடைத்தது. உயிர்த்த ஞாயிறன்று நற்கருணையும் வாங்கினேன்.

எல்லாம் முடிந்தது என்கிறீர்களா? திங்கட்கிழமை விடிய எழும்பினால், அம்மாவின் ஞாபகம். கூடவே கோபம் — சூடு குறையாமல்! முற்றத்தில் மேலும் கீழும் நடந்தேன். இது என்ன மன்னிப்பு?

படலை திறக்கும் சத்தம். சவிரிமுத்து நின்றான்.

“என்னடா, இண்டைக்கு ஏச்சு இல்லையோ?”

“இருக்குது,” என்றேன். “உள்ளுக்கு வா.”