மேற்பார்வைக்கு விரிவுரைஞர் வந்த நாள்

என் ஆசிரியர் பட்டத்தில் நான் வெட்கப்படும் ஒரு மணி நேரமும் சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் எனக்கு அதிக மதிப்பெண் கிடைத்தது.

தொடக்கப்பள்ளி ஆசிரியராவது அப்போது எங்கள் வீட்டில் பெரிய விஷயம். பள்ளி இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் கேட்ட பாடங்களில் எல்லாம் நல்ல தேர்ச்சி வேண்டும். பிறகு நுழைவுத் தேர்வு, நேர்காணல், ஓராண்டு அடிப்படைப் படிப்பு, அதன்மேல் நான்கு ஆண்டுப் பட்டப் படிப்பு. பயிற்சிக் கழகத்தில் குழந்தை உளவியலுக்கு நான் எழுதிய இடுபணிக் கட்டுரையின் தலைப்பு, ‘யாரையும் ஒதுக்காத வகுப்பறை’. அதற்கு ‘ஏ’ கிடைத்தது.

கடைசி ஆண்டில் ஒரு பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். அவ்வப்போது விரிவுரைஞர் வந்து, வகுப்பின் பின்னால் உட்கார்ந்து மேற்பார்வை செய்வார். அதில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது, வேலையும் கிடையாது. எனக்குக் கிடைத்தது பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. இரண்டாம் ஆண்டு வகுப்பு, பதினெட்டுப் பிள்ளைகள்.

அவர்களில் ஒருத்திக்கு மட்டும் வாசிக்க வரவில்லை. அவளுடைய அம்மா கடலுக்கு அக்கரையில் பிறை ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் பாலம் தாண்டிப் போக வேண்டும் என்பதால், விடிந்ததும் அவளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார். மணி அடிக்கும்வரை அவளும் நானும் மட்டும் வகுப்பில் இருப்போம். எழுத்தைக் காட்டுவேன், வாயைத் திறக்காமல் என்னையே பார்ப்பாள். இரண்டு வாரம் போனது. மூன்றாவது வாரம் ஒரு காலையில், ‘மழை’ என்ற சொல்லை விரலால் தொட்டு, “மழை” என்றாள். அன்று முழுக்க நான் சிரித்த முகமாகவே இருந்தேன்.

அடுத்த மேற்பார்வையில் அவளையும் எழுப்பி வாசிக்கச் சொன்னேன். ஒரு வாக்கியத்துக்கு ஐந்து நிமிடம் ஆனது. நான் பொறுமையாக நின்றேன். பாடம் முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. விரிவுரைஞர் படிவத்தில் எழுதிவிட்டுப் போனார்: ‘நேரக் கட்டுப்பாடு பலவீனம். அடுத்த முறையும் இப்படியென்றால் தேர்ச்சி சிரமம்.’

பள்ளியில் எனக்கென்று அமர்த்தியிருந்த வழிகாட்டி ஆசிரியையிடம் படிவத்தைக் காட்டினேன். இருபது வருடம் பாடம் நடத்தியவர், நல்லவர்தான்.

“அன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தப் பிள்ளைய நூல்நிலையத்துல உக்கார வச்சிருங்க டீச்சர். ஒரு மணி நேரம்தானே. எல்லாரும் செய்றதுதான் லா” என்றார்.

நான் மறுக்கவில்லை.

அந்த நாளும் வந்தது. அவள் தலையில் புது ரிப்பன். விருந்தினர் வரப்போகிறார் என்று நான் வகுப்பில் சொல்லியிருந்ததால் வீட்டில் வாசித்துப் பழகியிருந்தாள்.

“டீச்சர், மூனு வரி படிக்கத் தெரியும். அம்மாகிட்ட படிச்சிக் காட்டுனேன்.”

“நீ பிறகு படிக்கலாம்டா. இப்ப நூல்நிலையத்துல போய்ப் படம் பாத்துக்கிட்டு இரு. நானே வந்து கூப்பிடுறேன்.”

“நான் இன்னிக்கு படிக்க வேணாமா?”

“வேணாம்.”

போனாள். பாடம் தண்ணீர் மாதிரி ஓடியது. பாட்டு, குழு நடவடிக்கை, பயிற்சித் தாள், முடிவு, எல்லாம் நேரத்துக்குள். மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் விரிவுரைஞர் பேனாவை மூடினார்.

“ரொம்ப முன்னேற்றம். போன தடவ ஒரு பிள்ளைக்குச் சிரமமா இருந்துச்சே, அந்தப் பிள்ள எங்க?”

“இன்னிக்கு வரல சார்” என்றேன்.

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால், அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உணவுப் பெட்டியை எடுக்க வந்திருக்கிறாள். நான் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. விரிவுரைஞருக்கு அவள் முகம் நினைவில் இல்லை.

“என்னம்மா, நீ எந்த வகுப்பு?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“வேற வகுப்பு சார்” என்றாள். சாப்பாட்டை எடுக்காமலே போய்விட்டாள்.

ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். நான் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். பிறகு விரிவுரைஞரைக் கார்வரை கொண்டுபோய் விட்டேன்.

மறுநாள் காலையும் அவள் முதல் ஆளாக வந்தாள். புத்தகத்தைத் திறந்து வைத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“மனசுக்குள்ள படிச்சிட்டேன் டீச்சர்.”

அதற்குப் பிறகு அவள் எனக்கு ஒரு சொல்லும் வாசித்துக் காட்டவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வாள், பலகையைத் துடைத்துக் கொடுப்பாள். வாசிக்க மட்டும் மாட்டாள். “டீச்சர் செஞ்சது தப்பு” என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். “பரவால்ல டீச்சர்” என்றாள், பெரியவர்கள் சொல்வது போல.

பயிற்சி முடியும் வாரம் அவர்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் படியேறினேன். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார், சீருடையைக்கூட மாற்றவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“டீச்சர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அன்னிக்கு பெரிய சார் முன்னால மூனு வரியும் படிச்சாளாமே. சார் கை தட்டுனாராம். எங்க அக்காவுக்கெல்லாம் போன் பண்ணிச் சொன்னேன்.”

அவள் அறைக் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாக்கா” என்றேன். “நல்லா படிச்சா.”

அந்த அம்மா மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கி வந்தேன். என் மோட்டார் சைக்கிளில் சாவியைப் போட்டும் கிளம்ப முடியவில்லை. தலைக்கவசம் போட்டபடியே அழுதேன்.

பட்டம் கிடைத்தது. பட்டமளிப்பு நாளில் அப்பா யாரிடமோ என்னைக் காட்டி, “டீச்சர்” என்றார். பணி நியமன நேர்காணலில், நீங்கள் நடத்தியதிலேயே சிறந்த பாடம் எது என்று கேட்டார்கள். கோப்பில் அந்த நாளின் படிவம்தான் முதலில் இருந்தது. அதைப் பற்றியே பேசினேன், திக்காமல்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் வழிகாட்டி ஆசிரியைக்குப் போன் செய்து அவளைப் பற்றிக் கேட்டேன். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டதாம், பள்ளி மாறிப் போய்விட்டார்களாம்.

“போறப்ப அவளுக்குப் படிக்க வந்துச்சா டீச்சர்?” என்றேன்.

“குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புனோம். வாயே திறக்கல” என்றார்.

எந்த ஊர், எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.